மானியம் வாங்கினால் பேச விட்டே ஆக வேண்டுமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றி எங்கே விவாதம் நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு வாதம் வந்து விழும். "தனியார் நிறுவனம்னு சொல்லிக்கிறீங்க. ஆனா ஆராய்ச்சிக்குக் கோடி கோடியா அரசாங்கப் பணம் வாங்குறீங்க. அப்போ அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துற கருத்துரிமைச் சட்டம் உங்களையும் கட்டுப்படுத்தணும். முடியாதுன்னா பணம் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."

கேட்கும்போதே நியாயமாகப் படுகிற வாதம். தங்கள் பேச்சாளரை மேடையேற விடவில்லை என்று வலதுசாரி மாணவர்கள் கோபப்படும்போது இதைச் சொல்கிறார்கள். பாலஸ்தீன ஆதரவுப் போராட்டத்துக்காக இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவர்களின் நண்பர்களும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் சுலபமாகப் பிடிபடும். "அரசு உதவி பெறும் கல்லூரி" என்கிற பலகையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது, அதனால் அரசு விதிகளும் உள்ளே வரும் என்பது நமக்குப் பழகிப்போன கணக்கு.

இந்த வாதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் இந்தக் குறிப்பு. தனியார் பல்கலைக்கழகத்துக்குக் கருத்துரிமைக் கடமை இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்தக் கடமை யாருக்குப் பட்டது, தவறினால் அதை வசூலிக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதில்தான் பிரச்சினை. மானியத்தைக் காரணம் காட்டுகிற வாதம் மாணவரின் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கும். அதிகாரத்தைக் கொண்டுபோய் அமைச்சகத்தின் கையில் வைத்துவிட்டு முடியும்.

முதல் திருத்தம் யாரைக் கட்டுகிறது?

அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் பேச்சுரிமை தருகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அதன் வாசகம் காங்கிரஸுக்குப் போட்ட தடை. பேச்சுச் சுதந்திரத்தைக் குறைக்கிற சட்டம் எதையும் இயற்றக் கூடாது என்பதுதான் அது. பின்னால் வந்த தீர்ப்புகள் அந்தத் தடையை மாநில அரசுகளுக்கும் நீட்டின. அரசு நடத்தும் பல்கலைக்கழகம் அரசின் ஒரு கை என்பதால் அதுவும் தடைக்குள் வந்துவிடும். தனியார் பல்கலைக்கழகம் வராது.

இதனால் விசித்திரமான நிலைமை உண்டாகிறது. பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் ஒரே விரிகுடாப் பகுதியில், சுமார் ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கின்றன. இரண்டுமே ஃபெடரல் ஆராய்ச்சிப் பணத்தில் புழங்குகிற இடங்கள். பெர்க்லி மாணவரைப் பேச்சுக்காகத் தண்டித்தால் அது அரசியல் சாசன வழக்கு. ஸ்டான்ஃபோர்டில் அதே தண்டனை நடந்தால் முதல் திருத்தம் வாய் திறக்காது. (கலிபோர்னியாவில் வேறு ஒரு சட்டம் வாய் திறக்கும். அதற்குப் பிறகு வருகிறேன்.)

பணம் இந்தக் கோட்டை அழிக்குமா? 1982-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரெண்டல்-பேக்கர் எதிர் கோன் வழக்கில் இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு தனியார் பள்ளி. சாதாரணப் பள்ளியில் சமாளிக்க முடியாத மாணவர்களை அரசு அங்கே அனுப்பும், செலவையும் கொடுக்கும். பள்ளியின் வரவுசெலவில் குறைந்தது 90 சதவீதம், ஒரு வருடத்தில் 99 சதவீதம் அரசுப் பணம். நிர்வாகத்தை எதிர்த்துப் பேசியதற்காகத் தங்களை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று ஓர் ஆலோசகரும் ஆசிரியர்களும் வழக்குப் போட்டார்கள். ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றார்கள். அரசுக்குச் சாலையும் அணையும் கப்பலும் கட்டித் தருகிற ஒப்பந்தக்காரர் அரசாகிவிடுவதில்லை, பள்ளியும் அப்படித்தான் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு.

அந்த உவமை எனக்கு முழுக்க ஒப்பவில்லை. மாற்றுத் தீர்ப்பு எழுதிய தர்குட் மார்ஷல் சுட்டியது சரியான இடம். இந்த மாணவர்களுக்குக் கல்வி கொடுப்பது சட்டப்படி மாநிலத்தின் பொறுப்பு. அந்தப் பொறுப்பையே பள்ளியிடம் ஒப்படைத்துவிட்டு, செலவையும் கொடுத்துவிட்டு, "அது தனியார்" என்று கை கழுவலாமா என்று அவர் கேட்டார். பாலம் கட்டுகிறவரோடு ஒப்பிட்டு இதைத் தாண்டிவிட முடியாது.

ஆனாலும் தீர்ப்பைப் புரட்டிப் போட்டுப் பார்த்தால் என்ன ஆகும்? பணம் வாங்குகிறவரெல்லாம் அரசு என்று வைத்துக்கொண்டால், மருத்துவமனை, விவசாயி, நாடகக் குழு எல்லாமே அரசாகிவிடும். அரசுக்கு எதிராகப் பேச்சுரிமை கேட்கும் தகுதியும் அவர்களுக்குப் போய்விடும், ஏனென்றால் அரசு தன்னைத் தானே எதிர்த்துப் பேச்சுரிமை கோர முடியாது. பல்கலைக்கழகத்தை அரசாக்கிவிட்டால் மாணவருக்கு ஒரு கேடயம் கிடைக்கும், வாஸ்தவம்தான். பல்கலைக்கழகத்திடம் இருந்த கேடயம் அதே நேரத்தில் பறிபோகும். 2025-ல் அந்தக் கேடயம் எவ்வளவு தேவைப்பட்டது என்று கீழே பார்ப்போம்.

பணத்தோடு வரும் நிபந்தனை

"சரி, அரசாக மாற வேண்டாம். பணம் தரும்போது ஒரு நிபந்தனை போடலாமே?" இது வலுவான கேள்வி. நிபந்தனை போடுவது புதிதும் இல்லை.

பென்சில்வேனியாவில் க்ரோவ் சிட்டி கல்லூரி என்று ஒன்று. அரசிடமிருந்து நேரடியாக ஒரு காசும் வாங்கமாட்டோம் என்ற கொள்கை உடையது. ஆனால் அதன் மாணவர்கள் ஃபெடரல் உதவித்தொகை வாங்கினார்கள். அதுவே போதும், பால் பாகுபாட்டைத் தடுக்கும் ஒன்பதாம் தலைப்புச் சட்டம் கல்லூரிக்குப் பொருந்தும் என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொருந்துவது உதவித்தொகை வழங்கும் பிரிவுக்கு மட்டுமே என்றும் சொன்னது. அந்தக் குறுக்கலை காங்கிரஸ் ஏற்கவில்லை. 1988-ல் ரீகனின் ரத்து அதிகாரத்தையும் மீறி, ஒரு பிரிவு பணம் வாங்கினாலும் நிறுவனம் முழுக்கக் கட்டுப்படும் என்று சட்டம் கொண்டுவந்தது. எங்கள் உரிமை பறிபோகிறது என்று கல்லூரி சொன்னதற்கு, கஷ்டமாக இருந்தால் உதவித் திட்டத்தை விட்டு வெளியே போகலாமே என்பதுதான் நீதிமன்றத்தின் பதில். கல்லூரி பின்னாளில் அப்படியே வெளியேறியும் விட்டது.

ஆக, பாகுபாடு காட்டாதே என்ற நிபந்தனை செல்லும். பேச விடு என்ற நிபந்தனை ஏன் செல்லக் கூடாது?

இங்கே இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்து வாசிக்க வேண்டும். எழுதியவர் ஒருவரே: தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். 2006 வழக்கில், ராணுவத்துக்கு ஆள் எடுப்பவர்களை மற்ற நிறுவனங்களுக்குச் சமமாக உள்ளே விடாத சட்டக் கல்லூரி இருந்தால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே ஃபெடரல் பணம் நிறுத்தப்படும் என்ற சட்டம் செல்லும் என்று ஒருமனதாகத் தீர்ப்பானது. அறை கொடுப்பது கல்லூரியின் பேச்சு ஆகாது. வேண்டுமானால் அவர்களைக் கண்டித்துக் கல்லூரி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும் என்பது அதன் சாரம். 2013 வழக்கு எய்ட்ஸ் ஒழிப்புக்கு நிதி வாங்கும் தொண்டு நிறுவனங்களைப் பற்றியது. பாலியல் தொழிலுக்கு எதிரான கொள்கையை வெளிப்படையாக ஏற்றால்தான் பணம் என்றது சட்டம். அது செல்லாது என்றார் ராபர்ட்ஸ். கொடுத்த பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று அரசு சொல்லலாம். அந்தப் பணத்தைத் தூண்டிலாக வைத்து, திட்டத்துக்கு வெளியே வாங்கியவர் என்ன நம்ப வேண்டும் என்று சொல்லக் கூடாது.

இந்தக் கோடு எல்லா இடத்திலும் தெளிவாக விழாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாகுபாட்டுக்கும் பேச்சுக்கும் உள்ள வித்தியாசம் இதன் வழியாகப் புரியும். ஒரு மாணவியைப் பெண் என்பதற்காகச் சேர்க்கவில்லை என்றால் அங்கே ஒரு செயல் இருக்கிறது, அதை விசாரிக்க முடியும். ஒரு பல்கலைக்கழகத்தில் "போதுமான அளவு திறந்த விவாதம்" நடக்கிறதா என்று விசாரிக்க வேண்டுமென்றால், யார் என்ன பேசினார்கள், யார் பேசவில்லை, எந்தத் துறையில் எந்தக் கருத்து குறைவு என்று ஓர் அதிகாரி கணக்கெடுக்க வேண்டும். அந்தக் கணக்கெடுப்பே முதல் திருத்தம் தடுக்க நினைத்த வேலை.

2019 ஆணையை வரி வரியாக

2019 பிப்ரவரியில் பெர்க்லி வளாகத்தில் ஒரு வலதுசாரி அமைப்புக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்த இளைஞர் முகத்தில் குத்து வாங்கினார். வீடியோ பரவியது. அடுத்த மாதத் தொடக்கத்தில் அதிபர் ட்ரம்ப் அவரை ஒரு மாநாட்டு மேடையில் ஏற்றி, வளாகத்தில் பேச்சுரிமை இல்லையென்றால் ஆராய்ச்சிப் பணமும் இல்லை என்று அறிவித்தார். மார்ச் 21-ல் நிர்வாக ஆணை வந்தது.

பெர்க்லி அரசுப் பல்கலைக்கழகம். முதல் திருத்தம் அங்கே ஏற்கனவே முழு வலுவோடு இருக்கிறது. குத்தியவரும் குத்து வாங்கியவரும் மாணவர்கள் இல்லை. குத்துவது எந்த ஆணையும் இல்லாமலே குற்றம். புது ஆணை தேவை என்பதற்குக் காட்டப்பட்ட உதாரணமே ஆணைக்குச் சம்பந்தமில்லாத உதாரணம்.

ஆணையின் வாசகம் அறிவிப்பின் சத்தத்தோடு ஒப்பிட்டால் சாதுவானது. அரசுப் பல்கலைக்கழகங்கள் முதல் திருத்தத்தைப் பின்பற்ற வேண்டும், தனியார் பல்கலைக்கழகங்கள் கருத்துச் சுதந்திரம் பற்றித் தாங்களே வெளியிட்ட கொள்கைகளைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. முதல் திருத்தத்தைத் தனியார்மேல் திணிக்க அதை எழுதியவர்கள் முயலவில்லை. முயன்றிருந்தால் நீதிமன்றத்தில் நிற்காது என்று தெரிந்தே எழுதியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விவரம் முக்கியம். மாணவர்களுக்குப் போகும் ஃபெடரல் உதவித்தொகையை ஆணை தொடவில்லை. ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் நேரடியாகக் கொடுக்கிற மானியம்தான் அதன் பிடிக்குள் வருகிறது. மாணவர் வயிற்றில் அடிக்க வேண்டாம் என்ற எண்ணமாக இருக்கலாம். விளைவு என்ன? பேச்சாளரை ரத்து செய்தது மாணவர் நலத் துறையாக இருக்கும், மானியம் போவது வேதியியல் ஆய்வகத்துக்கு. தப்பு செய்தவருக்கும் தண்டனை வாங்குகிறவருக்கும் நடுவே நாலு கட்டடம் தள்ளி இருக்கிறது.

2020 செப்டம்பரில் கல்வித் துறை இதற்குச் செயல்விதி வெளியிட்டது. இந்த முழுக் கதையிலும் எனக்கு மரியாதை வருகிற ஆவணம் இதுதான், போட்டவர்களின் அரசியல் எதுவாக இருந்தாலும். ஒரு பல்கலைக்கழகம் மீறியதா என்பதைத் துறை தீர்மானிக்காது. மாநில நீதிமன்றமோ ஃபெடரல் நீதிமன்றமோ இறுதித் தீர்ப்பு கொடுத்திருக்க வேண்டும், அதன்பிறகுதான் மானியத்தைப் பற்றிப் பேச்சே எழும். அதிகாரி நினைத்தவுடன் திறக்க முடியாதபடி பெட்டிக்கு ஒரு பூட்டு போட்டு, சாவியை நீதிபதியிடம் கொடுத்தார்கள்.

ஓட்டையும் இருக்கிறது. தனியார் நிறுவனம் வாக்குறுதி கொடுத்தால்தான் மீறல். எந்த வாக்குறுதியும் தராத கல்லூரிக்குக் கவலையே இல்லை. பேச்சுச் சுதந்திரத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதி வைத்த பல்கலைக்கழகம் மாட்டிக்கொள்ளும், "இங்கே நிர்வாகம் சொல்வதுதான்" என்று எழுதி வைத்தது தப்பித்துக்கொள்ளும். வாக்குறுதியைக் குறைத்து எழுதினால் நல்லது என்று எந்த வக்கீலும் சொல்லிக்கொடுப்பார்.

பூட்டை உடைத்த வருடம்

2025-ல் அந்தப் பூட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

மார்ச் 7-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சுமார் 40 கோடி டாலர் மானியமும் ஒப்பந்தங்களும் ரத்து என்று அறிவிப்பு. காரணம் வளாகத்தில் யூத வெறுப்பைத் தடுக்கவில்லை என்பது. ஒரு வாரத்துக்குள் கோரிக்கைப் பட்டியல் வந்தது. அதில் மத்திய கிழக்கு, தெற்காசிய, ஆப்பிரிக்க ஆய்வுத் துறையை அதன் பேராசிரியர்கள் கையிலிருந்து எடுத்து வெளியார் பொறுப்பில் வைக்க வேண்டும் என்பதும் ஒன்று. ஜூலையில் கொலம்பியா மூன்று ஆண்டுகளில் 20 கோடி டாலர் கட்டுவதாகவும், தனியாக இன்னும் 2.1 கோடி கொடுப்பதாகவும் ஒத்துக்கொண்டு சமரசம் செய்தது.

ஏப்ரல் 11 அன்று ஹார்வர்டுக்குக் கடிதம் போனது. இதை நிதானமாக வாசிக்க வேண்டும். ஒரு பகுதியில், மாணவர் சேர்க்கையிலும் வேலை நியமனத்திலும் கொள்கைச் சோதனை போல் செயல்படுகிற எதுவும் இருக்கக் கூடாது என்கிறது. நல்ல விஷயம். இன்னொரு பகுதியில், வெளியாள் ஒருவரை வைத்து மாணவர், ஆசிரியர், ஊழியர், தலைமை எல்லோரிடமும் கருத்துப் பன்மை இருக்கிறதா என்று தணிக்கை செய்ய வேண்டும், குறைவான துறையில் அதைச் சரிக்கட்டுகிற அளவுக்குப் புதிய ஆசிரியர்களை எடுக்க வேண்டும் என்கிறது. ஒருவருடைய கருத்து என்ன என்று கேட்காமல் கருத்துப் பன்மையை எப்படித் தணிக்கை செய்வது? ஒரே கடிதம் ஒரு கையால் சோதனையைத் தடுத்துவிட்டு, மறு கையால் அதே சோதனையை நடத்தச் சொல்கிறது. கருத்துச் சுதந்திரத்தின் பெயரால் எழுதப்பட்ட ஆவணத்தில் இவ்வளவு வெளிப்படையான முரண் நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

ஹார்வர்டு மறுத்தது. அன்றே 220 கோடி டாலர் மானியம் முடக்கப்பட்டது. செப்டம்பர் 3-ல் நீதிபதி அலிசன் பரோஸ் அந்த முடக்கம் முதல் திருத்தத்தை மீறியது என்று தீர்ப்பளித்தார். யூத வெறுப்பை ஹார்வர்டு நெடுநாள் பொறுத்துக்கொண்டது தவறு என்று அவரே சொல்கிறார். ஆனால் நிறுத்தப்பட்ட ஆராய்ச்சிகளுக்கும் அந்தப் புகாருக்கும் தொடர்பு சொற்பம் என்கிறார். 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் தலைப்பு, மானியத்தை நிறுத்தும் முன் விசாரணை நடத்தி, மீறலைப் பதிவு செய்து, காங்கிரஸ் குழுக்களுக்கு அறிக்கை கொடுத்து, 30 நாள் காத்திருக்கச் சொல்கிறது. அந்தப் படிகளும் தாண்டப்பட்டிருந்தன. பணப்பையைக் கையில் வைத்திருப்பவர் அவசரப்படுவார் என்று தெரிந்தே அறுபது வருடத்துக்கு முன் வைத்த பூட்டுகள் அவை.

மேலே சொன்ன கேடயம் இதுதான். ஹார்வர்டு ஜெயித்தது, அது தனியார் என்பதாலும் அதற்குச் சொந்தமாகப் பேச்சுரிமை இருந்ததாலும். "பணம் வாங்கினால் நீயும் அரசுதான்" என்ற வாதம் ஜெயித்திருந்தால் இந்த வழக்கைப் போட ஆளே இருந்திருக்காது.

அக்டோபரில் அடுத்த வடிவம். ஒன்பது பல்கலைக்கழகங்களுக்கு ஓர் உடன்படிக்கை வரைவு. கையெழுத்துப் போட்டால் மானியத்தில் முன்னுரிமை. பழமைவாதக் கருத்துகளைத் தண்டிக்கிற, இழிவுபடுத்துகிற பிரிவுகளை மாற்றவோ மூடவோ வேண்டும் என்பது அதன் ஷரத்துகளில் ஒன்று. எம்ஐடி முதலில் மறுத்தது. அறிவியல் நிதி அறிவியல் தகுதியை வைத்து மட்டுமே தரப்பட வேண்டும் என்று அதன் தலைவர் சாலி கோர்ன்பிளூத் எழுதினார். இந்த உடன்படிக்கையும் விவாதச் சுதந்திரம் பற்றி அழகழகான வாக்கியங்களோடுதான் இருந்தது. எந்தக் கருத்துக்குத் தனிப் பாதுகாப்பு என்று அரசே பெயர் சொல்லிவிட்ட பிறகு அந்த வாக்கியங்களுக்கு என்ன மதிப்பு?

நமக்குப் புரிகிற கணக்கில் சொல்கிறேன். 2017-ல் ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது. அரசுப் பணம், தனியார் பல்கலைக்கழகம். அந்தப் பணத்தைத் தமிழ் இருக்கைக்கே செலவழிக்க வேண்டும் என்று கேட்கலாம், கணக்குக் கேட்கலாம். ஒரு பேச்சுக்கு, அடுத்து வருகிற ஓர் அரசு, "அந்த இருக்கையில் உட்காருகிறவர் திராவிட இயக்கத்தைப் பற்றி இப்படி எழுதக் கூடாது" என்றோ "அப்படி எழுதியே ஆக வேண்டும்" என்றோ கேட்டால்? எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் நாம் உடனே கொதித்துப்போவோம். பணம் கொடுத்தவருக்குள்ள உரிமையின் எல்லை நமக்கு உள்ளுக்குள் தெரியத்தான் செய்கிறது.

கலிபோர்னியா வழி

அப்போ மாணவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அது 1992-லேயே எழுதப்பட்டுவிட்டது.

கலிபோர்னியா மாநில செனட்டர் பில் லெனர்டு, குடியரசுக் கட்சிக்காரர், கொண்டுவந்த சட்டம். வளாகத்துக்கு வெளியே பேசினால் முதல் திருத்தம் பாதுகாக்கும் பேச்சுக்காக, தனியார் கல்லூரி தன் மாணவரைத் தண்டிக்கக் கூடாது. தண்டித்தால் மாணவர் நேரடியாக வழக்குப் போடலாம், வக்கீல் செலவையும் நீதிமன்றம் வாங்கிக் கொடுக்கலாம். தங்கள் நம்பிக்கைக்கு முரணாகும் இடத்தில் சமய நிறுவனங்களுக்கு விலக்கு.

இந்தச் சட்டத்தில் மானியம் என்ற பேச்சே கிடையாது. கல்லூரி அரசுப் பணம் வாங்குகிறதா, எவ்வளவு வாங்குகிறது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் தனியார் ஆலைக்குப் பொருந்துவது போல இதுவும் பொருந்துகிறது.

ஸ்டான்ஃபோர்டு 1990-ல் இனம், பால் முதலியவற்றை வைத்து ஒருவரை இழிவுபடுத்தும் பேச்சைத் தண்டிக்க ஒரு விதி போட்டிருந்தது. ஒன்பது மாணவர்கள் லெனர்டு சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார்கள். எங்களுக்கும் பேச்சுரிமை உண்டு, இந்தச் சட்டம் அதை மீறுகிறது என்று ஸ்டான்ஃபோர்டு வாதாடியது. 1995-ல் சாண்டா கிளாரா நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு மேல்முறையீடு செய்யவில்லை, விதி போனது.

"பல்கலைக்கழகத்துக்கும் பேச்சுரிமை உண்டு என்று இப்போதானே சொன்னீங்க, இங்கே மட்டும் ஏன் மாத்திப் பேசுறீங்க?" என்று கேட்கலாம். மாணவரை இடைநீக்கம் செய்வது பல்கலைக்கழகம் பேசுவது ஆகாது. அந்த மாணவரின் பேச்சு கேவலமானது என்று ஸ்டான்ஃபோர்டு பக்கம் பக்கமாக அறிக்கை விடலாம், லெனர்டு சட்டம் குறுக்கே வராது. யாரை வேலைக்கு எடுப்பது, எதைப் பாடமாக வைப்பது என்பதிலும் அது தலையிடவில்லை. அது தொடுகிற இடம் மிகச் சிறியது, அதனால்தான் அது வேலை செய்கிறது.

வாக்குறுதியை வைத்தும் ஒரு வழி உண்டு. விஸ்கான்சின் மாநிலத்தின் மார்க்கெட், ஒரு ஜெசூயிட் பல்கலைக்கழகம். அங்கே ஓர் அரசியல் துறைப் பேராசிரியர் 2014-ல் தன் வலைப்பதிவில், வகுப்பில் ஓரினத் திருமணம் பற்றிய எதிர்க்கருத்தை விவாதிக்க விடவில்லை என்று ஒரு முதுநிலை மாணவ ஆசிரியையைப் பெயர் சொல்லி விமர்சித்தார். பல்கலைக்கழகம் அவரை இடைநீக்கம் செய்தது. 2018-ல் மாநில உச்ச நீதிமன்றம் நாலுக்கு இரண்டு என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. முதல் திருத்தத்தை வைத்து அல்ல, ஒப்பந்தத்தை வைத்து. கல்விச் சுதந்திரமும் அரசியல் சாசன உரிமைகளும் உண்டு என்று பல்கலைக்கழகமே தன் விதிகளில் எழுதி வைத்திருந்தது. எழுதியதை நிறைவேற்று என்றது நீதிமன்றம்.

இந்தத் தீர்ப்பு சரி என்று நினைக்கிறேன். அதன் விலையையும் சொல்லியாக வேண்டும். அந்த ஆசிரியைக்கு மோசமான வசைக் கடிதங்களும் மிரட்டல்களும் குவிந்தன. அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பேச்சுரிமைத் தீர்ப்புகளை ருசித்துப் படிக்கிற நாம் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம். மிரட்டியவர்களைத் தண்டிக்கவும் ஆசிரியையைக் காக்கவும் பல்கலைக்கழகத்துக்கு வழிகள் இருந்தன. எழுதியவர்மேல் கை வைப்பது அவற்றில் சுலபமான வழி, அவ்வளவுதான்.

பல்கலைக்கழகங்களின் பங்கு

அரசைத் திட்டிவிட்டுப் பல்கலைக்கழகங்களை விட்டுவிட்டால் இது பாதி விமர்சனம்தான். சேர்க்கைக் கையேட்டில் "அஞ்சாத விவாதம்" என்று அச்சடிப்பார்கள். சிகாகோ பல்கலைக்கழகம் 2015-ல் வெளியிட்ட பேச்சுரிமை அறிக்கையைப் பல தனியார் நிறுவனங்கள் ஏற்றன. மாணவர் வழக்குப் போட்டால் மட்டும், "அது பொதுவான லட்சிய வாசகம், ஒப்பந்தம் கிடையாது, நாங்கள் தனியார்" என்று வக்கீல் எழுந்து நிற்பார். பல நீதிமன்றங்கள் அதை ஏற்றும் இருக்கின்றன. மார்க்கெட் வழக்கு பேசப்படுவதே அது அபூர்வம் என்பதால்தான்.

இந்த இரட்டை நாக்குதான் மானிய வாதத்துக்குத் தீனி போட்டது. கொடுத்த வாக்கை மாணவருக்கு எதிரான நீதிமன்றத்தில் விழுங்கிய நிறுவனங்கள், 2025-ல் அரசு வந்து கதவைத் தட்டியபோது பொதுமக்களிடம் அனுதாபம் தேடின. பெரிதாகக் கிடைக்கவில்லை என்பதில் ஆச்சரியமில்லை.

என்ன வேண்டும்?

மற்ற மாநிலங்களும் லெனர்டு மாதிரி ஒரு சட்டத்தை இயற்ற வேண்டும் என்பது என் கட்சி. அதில் ஆசிரியர்களையும் எந்த அளவுக்குச் சேர்ப்பது என்பது கஷ்டமான கேள்வி. கலிபோர்னியா சட்டம் மாணவரோடு நின்றுவிட்டது, ஆசிரியரின் பேச்சைப் பாடத்தின் தரத்திலிருந்து பிரிப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. சட்டம் வராத இடங்களில், எழுதிய வாக்குறுதியை ஒப்பந்தமாகவே நீதிமன்றங்கள் வாசிக்க வேண்டும். மானியத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் 2020 விதியின் பூட்டாவது இருக்க வேண்டும்.

வளாகத்தில் பேச்சுரிமை என்று தலைப்புப் போட்டு இனியும் ஆணைகள், உடன்படிக்கைகள், கடிதங்கள் வரும். முன்னுரையை விட்டுவிட்டு நேராகத் தண்டனைப் பகுதிக்குப் போங்கள் என்பேன். மீறல் நடந்ததா என்று யார் சொல்கிறார்? நீதிபதியா, பணம் கொடுக்கிற துறையா? இழப்பு யாருக்கு? தவறு செய்த நிர்வாகிக்கா, நாலு கட்டடம் தள்ளி இருக்கிற ஆய்வகத்துக்கா? எல்லாம் முடிந்தபின் கையில் ஏதாவது கிடைக்கிறவர் யார்? கொலம்பியா சமரசத்தில் அந்த 20 கோடி டாலர் ஃபெடரல் அரசுக்குப் போனது. பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட எந்த மாணவருக்கும் அதனால் வகுப்பறை திரும்பக் கிடைக்கவில்லை.